மணல் மச்சு

போன மாதம் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க என் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் வாசலில் ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் பழைய கட்டடங்களின் மேல்தளத்தைப் பார்க்க யாரும் ஏணி போட்டு ஏற வேண்டாமாம். கீழே நின்றபடியே எல்லா விரிசலையும் படம் எடுத்துவிடலாமாம். அதில் ஒரு பெண், “நீங்கள்லாம் இது இல்லாம எப்படி சார் பாத்தீங்க?” என்று கேட்டாள்.

“பயந்து பயந்து பாத்தோம்மா” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் பழைய கட்டடங்களைப் பார்த்து, இதில் ஆள் இருக்கலாம், இதில் இருக்கக்கூடாது என்று சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. இருக்கலாம் என்று சொன்ன ஒவ்வொரு கட்டடத்தையும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு நினைத்துப் பயந்திருக்கிறேன். அலுவலகத்தில் என்னைப் ‘பயந்தாங்கொள்ளி’ என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

படித்தது, பரீட்சை எழுதியது, வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் ஊர் உலகத்தில் நடக்கிற மாதிரிதான் நடந்தது. பயம் எனக்கு முதுகுளத்தூரில் பிடித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பழைய தானியக் கிடங்கின் சுற்றுச்சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டு எதிரே டீ குடிக்கப் போனேன். காற்று இல்லை, மழை இல்லை, ஒரு ஆடு கூட அந்தப் பக்கம் போகவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சுவரும் இல்லை, சைக்கிளும் இல்லை. செங்கல் குவியலுக்கு அடியிலிருந்து பெல் மட்டும் எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து எந்தச் சுவரிலும் நான் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. என் கல்யாணத்தில் கூட மண்டபத்துத் தூணை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

எங்கள் வேலையில் கருவி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கொஞ்சம் நூல், ஒரு சின்னச் சுத்தியல், கண்ணாடிச் சில்லுகள். தளத்தைத் தாங்கும் உத்திரத்தின் கீழே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நூலை இழுத்துக் கட்டினால், உத்திரம் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று தெரியும். உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனையைச் சுத்தியலால் தட்டினால், நல்ல மரம் ‘டங்’ என்னும். உள்ளே உளுத்த மரம் ‘பொத்’ என்னும். சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே கண்ணாடிச் சில்லை வைத்து இரண்டு முனையையும் பூசிவிடுவோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். இந்த மூன்றையும் செய்கிறபோது அறையின் நடுவில் நிற்கக் கூடாது. சுவரோரமாகவே நடக்க வேண்டும்.

கடைசிப் பத்து வருடம் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஸ்டெல்லா மேடம். என்னைவிட வயதில் சின்னவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அலுவலகத்தில் என்னைப் பெயர் சொல்லி ‘மலைச்சாமி சார்’ என்பார், வேலை நடக்கிற இடத்தில் ‘அண்ணே’ என்பார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கட்டடம் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் உடனே கையெழுத்துப் போட மாட்டார். ஜீப்பிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துவரச் சொல்வார். அந்தக் கட்டடத்திலேயே எந்த இடம் சந்தேகமான இடமோ, அதற்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொறுமையாகச் சாப்பிடுவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு அந்தப் பத்து வருடமும் ஒரு வாய்ச் சோறு ஒழுங்காக இறங்கியதில்லை.

“இதென்ன மேடம் கணக்கு?” என்று ஒருதடவை கேட்டுவிட்டேன்.

“கணக்கெல்லாம் இல்லண்ணே. நாம போயிருவோம். சனங்க இதுக்குக் கீழதான் சோறு திங்கப்போகுது. அவங்களுக்கு முன்னாடி நாம தின்னுருவோம்” என்றார்.

இனி நான் சொல்ல வந்த சத்திரத்துக்கு வருகிறேன். தேவிபட்டினத்துக்குத் தெற்கே கடலோரமாக ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், இதில் வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். ராமேசுவரத்துக்கு நடந்து போன யாத்ரீகர்கள் தங்குவதற்காக அந்தக் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கட்டிய சத்திரம் அது. முன்னால் கல் தூண் நிறுத்திய மண்டபம். மண்டபத்தைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றம், நடுவில் கிணறு. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது. முற்றத்தின் இரண்டு பக்கமும் குனிந்து நுழைகிற சின்னச் சின்ன அறைகள். வண்டிமாடுகள் தண்ணீர் குடிக்கக் கல் தொட்டி. பின்னால் ஒரு நீளமான கூடம். யாத்ரீகர்கள் வரிசையாகப் படுத்தது அங்கேதான்.

சுவரெல்லாம் கடலில் வெட்டி எடுத்த பவளப்பாறைக் கல். சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டு அரைத்துப் பூசிய பூச்சு. கையை வைத்தால் முட்டைத் தோடு மாதிரி வழவழப்பாக இருக்கும். பின்கூடத்துக்கு மட்டும் மேலே ஒரு மச்சு உண்டு. வைரம் பாய்ந்த பனை உத்திரங்களை அடுக்கி, அதன்மேல் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பில் கோத்த தளம். அன்னதானத்துக்கான நெல்லைக் கொட்டி வைக்கக் கட்டியது. கட்டியவன் கெட்டிக்காரன். நெல்லின் பாரத்துக்கு எவ்வளவு மரம் வேண்டுமோ அவ்வளவு போட்டிருந்தான். ஆனால் பிற்பாடு அங்கே நெல் இல்லை.

ராமேசுவரம் போகிறவர்கள் சேதுக் கரையில் மண் எடுத்துக் காசிப் பக்கம் கொண்டுபோய்க் கங்கையில் கரைப்பது வழக்கம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், நோயாளிகள், கையில் காசில்லாதவர்கள், இந்தச் சத்திரத்து மச்சில் தங்கள் மண்முடிச்சை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காசிக்குப் போகிற புண்ணியவான் யாராவது எடுத்துப் போவான் என்ற நம்பிக்கை. வைத்தவர்கள் உண்டு, எடுத்தவர்கள் இல்லை. பிறகு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்தப் பெரும்புயல் வந்தது. சத்திரத்து ஊரில் குடிசை ஒன்றுகூட மிஞ்சவில்லை, சத்திரம் மட்டும் நின்றது. மேலே மணல் அமுக்கிப் பிடித்ததால்தான் கட்டடம் பறக்கவில்லை என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது.

அதைத் தப்பென்று சட்டென்று சொல்லவும் முடியாது. அவர்கள் மீன்பிடிக்கிற சனங்கள். காற்றுக் காலத்தில் ஓலைக் கூரையின் மேல் பழைய வலையைப் போர்த்தி, ஓரங்களில் மணல் மூட்டையைத் தொங்கவிடுவார்கள். கூரை நிற்கும். கூரைக்குச் செய்ததையே கட்டடத்துக்கும் செய்தார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டுக்கு ஒரு குடம் கடல் மணலைக் கொண்டுபோய் மச்சில் கொட்டிவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு அதற்குக் கீழே உள்ள கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். தலைமுறையாக இது நடந்திருக்கிறது. எங்கள் யாருக்கும் தெரியாது. மச்சுப் படி இருட்டாக, குறுகலாக இருக்கும். சோதிக்க வந்த அதிகாரிகள் கூடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கார்த்திகையில் ஒரு புயல் அறிவிப்பு. சனங்களைத் தங்கவைக்கிற இடங்களை எல்லாம் பார்த்துச் சொல்லும்படி உத்தரவு. மேடமும் நானும் மத்தியானம் அந்தச் சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாடைக் காற்று சுத்தமாக நின்றிருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. அந்த அமைதியை நான் நம்பவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் சில விரிசல்கள், பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடிச் சில்லுகளை ஒட்டினேன். மேடம் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். “மச்சையும் ஒரு பார்வை பாத்துட்டு வாரேன் மேடம்” என்று படியேறினேன்.

படியில் பெண்கள் இடுப்பில் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போன அம்மாள்தான் முத்துராக்கு. மீன் விற்கிறவர். அந்த ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. தண்ணீர் எடுத்துப் போகிறார்கள் என்று நினைத்து நானும் பின்னாலேயே ஏறினேன். மேலே இருட்டுக்குள் நாலு எட்டு வைத்த பிறகுதான் கால் புதைவது தெரிந்தது. டார்ச்சை அடித்தேன். சுவருக்குச் சுவர் மணல். ஓரத்தில் முழங்கால் அளவு, நடுவில் இடுப்பளவு. ஜன்னல் ஓரத்தில் மக்கிப்போன துணி முடிச்சுகள். முத்துராக்கு குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்னம்மா?”

“புயல் வருதுல்ல சார். மச்சுக்கு மண்ணு போடுறோம்.”

ஒரு படி நெல் எங்கே, ஒரு படி மணல் எங்கே! மூன்று பங்கு கனம். அதுவும் உப்பு மணல், ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அடியில் இருக்கிற மரத்தை அரித்துக்கொண்டே இருக்கும். நனைந்தால் இன்னும் கனம். நான் அந்தக் குவியலின் மேல் நிற்கிறேன். எனக்கு நேர் கீழே மேடம் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கத்தவும் பயம், காலைத் தூக்கி வைக்கவும் பயம். துப்பாக்கிச் சூட்டில் மாட்டியவன் மாதிரி குப்புறப் படுத்து, சுவரோரமாகத் தவழ்ந்து படிக்கு வந்தேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று, அவர்களையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கீழே இறக்கினேன்.

கூடத்துக்கு வந்து பார்த்தால் மேடம் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் இருந்த டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு சிட்டிகை மணல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து இன்னும் கொஞ்சம் பொடிப்பொடியாக அதில் விழுந்தது.

“அண்ணே, மேல நடந்தீங்களா?” என்றார் மெதுவாக.

“ஆமா மேடம்.”

“இனிமே நடக்காதீங்க.”

டிபன் பாக்ஸை அங்கேயே விட்டுவிட்டு, எழுந்து, சுவரோரமாக நடந்து முற்றத்துக்கு வந்தார். பிறகு நான் சுவரோரமாகவே போய் நூல் பிடித்தேன். நடு உத்திரம் என் உள்ளங்கை அகலத்துக்குத் தொய்ந்திருந்தது. முனையைத் தட்டினேன். ‘பொத்’ என்றது.

ஊரைக் கூட்டி மேடம் எடுத்துச் சொன்னார். ஒருவரும் ஏற்கவில்லை.

“எங்க அப்பன் பாட்டன்லாம் இங்கனதான் சார் பொழச்சாக. அந்தப் புயலுக்கே நின்ன கட்டடம், நீங்க தட்டிப் பாத்தா விழுந்துருமா?” என்றார் முத்துராக்கு.

“அன்னைக்கு இருந்த மண்ணு கொஞ்சந்தாம்மா. இன்னைக்கு அது தாங்காது” என்றேன்.

“மண்ணு கூடக் கூடப் பலம்தானே சார்!”

மணலை இறக்கலாம் என்றால் மேலே ஆளை ஏற்றவே பயமாக இருந்தது, நேரமும் இல்லை. மேடம் பேச்சை நிறுத்திவிட்டுக் கூடத்தைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். தேவிபட்டினத்துப் பள்ளிவாசல்காரர்கள் தங்கள் கல்யாண மகாலைத் திறந்துவிட்டு, வேனும் அனுப்பினார்கள். சனங்கள் எங்களைத் திட்டிக்கொண்டே ஏறினார்கள். புயலடித்த பொழுதெல்லாம் நானும் அவர்களோடு அந்த மகாலில்தான் கிடந்தேன். சத்திரம் விழுமா என்று பயந்தேன். விழாமல் போனால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அதைவிடப் பயந்தேன்.

சத்திரம் விழவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது ஓலைக்கூரைகள் எல்லாம் போயிருந்தன. மண்சுவர்கள் கரைந்து கிடந்தன. சத்திரம் மட்டும் குளித்துவிட்டு வந்து நிற்பது போல நின்றது. “பாத்தீகளா?” என்றார்கள் ஒவ்வொருவரும். நான் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் ஒன்றுகூட உடையவில்லை. பிள்ளைகள் தார்ப்பாய்க்கு அடியில் ஈரத்தில் கிடந்தார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது. மேடம் ராமேசுவரம் பக்கம் சேதத்தைப் பார்க்கப் போயிருந்தார். போனில் கூப்பிட்டேன்.

“கண்ணாடி அப்படியே இருக்கு மேடம்.”

“கண்ணாடி சுவரத்தான் சொல்லும். மேல இருக்க மரத்தச் சொல்லாது. மச்சுல தண்ணி எறங்கியிருக்கும்ணே. தெறக்காதீங்க.”

“எத்தன நாளைக்கு மேடம்?”

“தெரியலண்ணே” என்றார்.

அந்த நாட்களைப் போல நான் என்றைக்கும் தவித்ததில்லை. காலையில் ஊருக்குப் போனால் எல்லோர் பார்வையும் என் சட்டைப் பையில் கிடந்த சாவியிலேயே இருக்கும். மழை முழுதாக வெறித்து, சுள்ளென்று வெயிலடித்த ஒரு காலையில் முத்துராக்கு பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், கண் செருகிக் கிடந்தது.

“இம்புட்டு மழைக்கும் காத்துக்கும் நின்னுருச்சு. இன்னும் என்ன சார் பயம் உங்களுக்கு? இந்தப் புள்ளைய எங்கன கெடத்த? சாவியக் குடுங்க.”

வெயிலைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன். சாவியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டேன். வைத்த மறுகணமே மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. “ஆத்தா, கொஞ்சம் இரு. நான் மொதல்ல உள்ள உக்காந்து சாப்புட்டுப் பாத்துர்றேன். அதுக்கப்புறம் நீ வா” என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுக்க ஜீப்புக்குப் போனேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து போய்ப் பூட்டைத் திறந்தார்.

டிபன் பாக்ஸோடு முற்றத்துக்குள் கால் வைக்கிறேன், கல் தரையில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கூடத்து வாசலுக்குப் பக்கத்தில் நான் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லு இரண்டாக விழுந்து கிடந்தது. முத்துராக்கு நிலைப்படியைத் தாண்டி உள்ளே ஒரு காலை வைத்திருந்தார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது அதிகாரி போடுகிற சத்தம் இல்லை, பாம்பை மிதித்தவன் போடுகிற சத்தம். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அடுத்த கணம் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தார். கிணற்றடிக்கு வரவில்லை, அதற்குள் பின்னால் கூடம் இறங்கியது. இடி மாதிரி விழும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெரிய மூட்டையைத் தரையில் வைத்தது போல ஒரு சத்தம், பிறகு நெடுநேரம் மணல் சரிகிற ஓசை மட்டும். நிலைப்படி வழியாக ஈர மணல் முற்றத்துக்கு வழிந்து வந்து எங்கள் காலடியில் நின்றது.

முத்துராக்கு தரையில் உட்கார்ந்துவிட்டார். பேத்தியின் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார். சாவி இன்னும் அவர் விரலில் மாட்டியிருந்தது. “நீங்க சொன்னது ஒண்ணும் எனக்குக் காதுல விழுகல சார். உங்க மொகத்தப் பாத்துத்தான் ஓடியாந்தேன்” என்றார்.

பிற்பாடு ஊர்ப் பெண்கள் அந்த மணலைக் குடம் குடமாகக் கடலுக்கே கொண்டுபோனார்கள். காசிக்குப் போகாத முடிச்சுகளும் அதோடு போயின. முன்மண்டபமும் கிணறும் இப்போதும் நன்றாக இருக்கின்றன. போய்ப் பார்க்கலாம்.

போன வாரம் முத்துராக்கு போன் செய்தார். ஊருக்குப் புதிதாகக் கான்கிரீட்டில் புயல் காப்பகம் கட்டியிருக்கிறார்களாம். ட்ரோன் பறக்கவிட்டுப் படமெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்களாம். வானிலைச் செய்தியில் மறுபடி புயல் சின்னம் என்கிறார்களாம்.

“அவுக நல்லாருக்குன்னு சொல்லிட்டாக சார். நீங்க வந்து பாத்து, உங்களுக்குப் பயமா இருக்கா இல்லையான்னு சொல்லுங்க. அதுக்கப்புறந்தான் புள்ளைகள உள்ள விடுவேன்.”

ஓய்வு பெற்றவன் பேச்சுக்கு மதிப்பில்லை, எனக்கு அதிகாரமும் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். “அதெல்லாம் யாரு கேட்டா? சோத்த எடுத்துக்கிட்டு வாங்க” என்று வைத்துவிட்டார்.

மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தோடு பஸ் ஏறிப் போனேன். கட்டடம் நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். தூண்களைத் தட்டினேன், நூல் பிடித்தேன், படியேறி மேல்தளத்தையும் பார்த்தேன். ஒரு பிடி மணல் இல்லை. பிறகு கீழே வந்து பெரிய ஹாலின் நடுவில் தன்னந்தனியாக உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியை மல்லாத்தி எனக்கு முன்னால் வைத்துக்கொண்டேன். முதல் வாயை எடுத்தேன். வாசலில் முத்துராக்கு நின்றார். அவருக்குப் பின்னால் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே ஓடக் காத்திருந்தார்கள். அவர் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். பேத்தி அவர் இடுப்பளவு வளர்ந்திருந்தாள்.

“சாப்புட்டாச்சா சார்?” என்றார்.

மூடியைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

“இன்னும் ரெண்டு வாய் இருக்கும்மா” என்றேன். “இருங்க, வந்துறாதீங்க.”